அத்தியாயம் 7: குறைந்த சக்தி லேசர் வாங்குமுன்

கருவியின் பெயரிலிருந்து தொடங்காதீர்கள். உங்கள் பிசியோதெரபி கிளினிக் நோட்டை எடுத்து, கடந்த மூன்று மாதத்தில் யார் யார் எந்த வலியோடு வந்தார்கள் என்று ஒருமுறை புரட்டிப் பாருங்கள். தில்லியின் மயூர் விஹாரிலோ ஆர்.கே.புரத்திலோ கிளினிக் வைத்திருப்பவரின் நோட்டில் முழங்கால் தேய்மானம் பக்கத்துக்குப் பக்கம் வரும். நொய்டா, குருகிராம் அலுவலகங்களை ஒட்டி இருப்பவருக்குக் கழுத்து, தோள், மணிக்கட்டு. ஆறாத சர்க்கரைப் புண்ணோடு ஒருவர், கதிர்வீச்சு சிகிச்சையில் வாய் முழுக்க வெந்து போன ஒருவர் என்று இடையிடையே வருவார்கள். லேசர் இவர்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி உதவாது. இவர்கள் எல்லோருக்கும் ஒரே புரோபும் சரிப்படாது.

இந்தச் சிகிச்சையின் தொடக்கம் 1967-ல் புடாபெஸ்டில். எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர், முடி மழித்த எலிகளின் முதுகில் ரூபி லேசரைப் பாய்ச்சினார். லேசர் பட்ட எலிகளுக்கு முடி சீக்கிரம் முளைத்தது. அன்றிலிருந்து இன்றுவரை நூற்றுக்கணக்கான பரிசோதனைகள் நடந்துவிட்டன. ஒன்றுக்கொன்று முரண்படும் முடிவுகளும் அவற்றில் ஏராளம். முரணுக்குப் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: ஒவ்வொருவரும் ஒவ்வோர் அளவு கொடுத்திருக்கிறார்கள்.

முழங்காலை எடுத்துக்கொள்வோம். 2019-ல் பிஎம்ஜே ஓப்பன் இதழில் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு, 22 பரிசோதனைகளில் பங்கேற்ற 1,063 பேரின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தது. போலி லேசரைவிட நிஜ லேசர் வலியை அதிகம் குறைத்தது. நம் வேலைக்கு அதைவிடப் பயன்படுவது அடுத்த செய்தி. 785 முதல் 860 நானோமீட்டர் வரையிலான லேசரில் ஒரு பாயிண்ட்டுக்கு 4 முதல் 8 ஜூல், 904 நானோமீட்டர் லேசரில் ஒரு பாயிண்ட்டுக்கு 1 முதல் 3 ஜூல் என்ற கணக்கில் கொடுத்தவர்களுக்கே பலன் தெளிவாகத் தெரிந்தது. அந்த வரம்புக்கு வெளியே போனவர்களுக்குப் பலன் குறைவு. இந்த இரண்டு வரம்புகளையும் ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். டீலர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது இதைவிட உதவும் காகிதம் வேறில்லை.

கழுத்து வலிக்கும் ஆதாரம் உண்டு. 2009-ல் லான்செட் இதழில் 16 பரிசோதனைகள், 820 நோயாளிகள் அடங்கிய தொகுப்பு வந்தது. நாட்பட்ட கழுத்து வலியில் சிகிச்சை முடிந்து 22 வாரம் வரைகூடப் பலன் நீடித்ததாக அது சொன்னது. இடுப்பு வலியில் நிலைமை அவ்வளவு உறுதியாக இல்லை. 2017-ல் அமெரிக்க மருத்துவர் கல்லூரியின் வழிகாட்டுதல், நாட்பட்ட இடுப்பு வலிக்கான மருந்தில்லா முறைகளின் பட்டியலில் லேசரைச் சேர்த்தது. ஆதாரத்தின் தரம் குறைவு என்பதையும் கூடவே எழுதியது. ஆகவே உங்களிடம் வருபவர்களில் பெரும்பாலோர் இடுப்பு வலிக்காரர்கள் என்றால், லேசருக்குப் போடும் பணத்தை உடற்பயிற்சிக்கான இடத்துக்கும் ஒரு நல்ல உதவியாளருக்கும் போடுவது மேல் என்பது என் கருத்து.

ஆதாரம் மிக வலுவாக நிற்கும் இடம், புற்றுநோய்ச் சிகிச்சையில் வரும் வாய்ப்புண். அதில் இந்தியாவின் பங்கு பெரிது. மணிப்பாலின் பிசியோதெரபி, கதிர்வீச்சு சிகிச்சைத் துறையினர் ஹீலியம்-நியான் லேசரை வைத்துச் செய்த ஆய்வு 2006-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வந்தது. 2012-ல் மணிப்பாலிலிருந்தே 221 நோயாளிகளை வைத்து, நோயாளி உட்பட மூன்று தரப்புக்கும் எது நிஜம் எது போலி என்று தெரியாதபடி நடத்திய பரிசோதனை வெளிவந்தது. தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெறுபவர்களின் வாய்ப்புண்ணைத் தடுக்க இன்று சர்வதேச வழிகாட்டுதல்களே லேசரைப் பரிந்துரைக்கின்றன. எய்ம்ஸின் புற்றுநோய் மையத்திலிருந்தோ ரோகிணியின் ராஜீவ் காந்தி புற்றுநோய் நிறுவனத்திலிருந்தோ நோயாளிகள் உங்களிடம் வந்து சேரும் வாய்ப்பிருந்தால், 630 முதல் 660 நானோமீட்டர் வரையிலான சிவப்பு ஒளியும், வாய்க்குள் நுழையக்கூடிய மெல்லிய புரோபும் தேவை. அவர்களுக்குச் சிகிச்சை செய்யும் புற்றுநோய் மருத்துவரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் இல்லாமல் தொடாதீர்கள்.

கடையில் போடவேண்டிய கணக்கு

சாந்தினி சௌக்கின் பாகீரத் பேலஸ் சந்துகளில் மின்சாதனக் கடைகளைத் தாண்டி உள்ளே போனால் மருந்து மொத்த வியாபாரமும் சர்ஜிகல் கடைகளும் வரும். லேசர் அங்கேயும் கிடைக்கும், இணையத்திலும் கிடைக்கும், மருத்துவக் கண்காட்சி நடக்கும் நாட்களில் பிரகதி மைதானத்திலும் கிடைக்கும். எங்கே போனாலும் முதலில் காதில் விழுவது வாட் கணக்குதான். "இருபத்தைந்து வாட் சார், இதுக்கு மேல பவர் எதுவும் வராது" என்பார் விற்பவர். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த 25 வாட்டில் நோயாளியின் முழங்காலுக்குப் போய்ச் சேருவது எவ்வளவு என்பதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

904 நானோமீட்டர் லேசர் தொடர்ந்து எரிவதில்லை; மிகக் குறுகிய துடிப்புகளாக வரும். 25 வாட் என்பது ஒரு துடிப்பின் உச்சம். ஒரு துடிப்பு 200 நானோ விநாடிதான் நீடிக்கிறது, விநாடிக்கு 1,000 துடிப்பு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றையும் பெருக்கினால் சராசரி சக்தி 5 மில்லிவாட். ஒரு பாயிண்ட்டுக்கு 2 ஜூல் கொடுக்க 400 விநாடி, அதாவது ஏழு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு முழங்காலுக்கு ஐந்து பாயிண்ட் என்றால் அரை மணிக்கு மேல் புரோபைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். அதே கருவி 10,000 ஹெர்ட்ஸில் ஓடுமானால் சராசரி 50 மில்லிவாட்டாகும். ஒரு பாயிண்ட் 40 விநாடியில் முடிந்துவிடும். ஆகவே உச்ச சக்தி, துடிப்பின் நீளம், அதிகபட்ச ஹெர்ட்ஸ் இந்த மூன்றையும் கேட்டு வாங்கி, கைபேசியிலேயே பெருக்கிப் பாருங்கள். மூன்றில் ஒன்று தெரியவில்லை என்று விற்பவர் சொன்னால், அதை எழுதித் தரச் சொல்லி மறுநாள் போங்கள். எழுத்தில் வராத எண்ணை நம்பிப் பணம் கட்டவேண்டாம்.

808 அல்லது 810 நானோமீட்டர் லேசரில் கணக்கு எளிது. 100 மில்லிவாட் தொடர் ஒளி என்றால் 4 ஜூலுக்கு 40 விநாடி. ஐந்து பாயிண்ட்டுக்கு 200 விநாடி. புரோபை இடம் மாற்றும் நேரத்தையும் சேர்த்தால் ஐந்து நிமிடத்தில் ஒரு முழங்கால். 200 மில்லிவாட்டில் அது பாதியாகும். காலையில் வரிசையாக ஆள் உட்கார்ந்திருக்கும் கிளினிக்கில் இந்த வித்தியாசம் பெரிது. ஏனென்றால் நேரம் போதாதபோது சுருக்கப்படுவது எப்போதும் நோயாளிக்குப் போகவேண்டிய அளவுதான்.

சராசரி சக்தி குறைந்த கருவி எல்லாமே வீண் என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். தில்லி திமார்பூரில் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பின் கீழ் இயங்கும் டிபாஸ் ஆய்வகத்தில் 904 நானோமீட்டர் துடிப்பு லேசரை எலிகளின் தீக்காயத்தில் பாய்ச்சிப் பார்த்தார்கள். ஒரு மில்லிவாட்டுக்கும் குறைவான சராசரி சக்தியிலேயே அழற்சி குறைந்து காயம் வேகமாக ஆறியது. அதே குழு நோய் எதிர்ப்பு குறைக்கப்பட்ட எலிகளில் 810 நானோமீட்டரைச் சோதித்தபோது, தொடர் ஒளியைவிட 10 ஹெர்ட்ஸ் துடிப்பு நன்றாக வேலை செய்தது. இரண்டு ஆய்வுகளும் 2016-ல் வெளிவந்தவை. மேலோட்டமான காயத்துக்குக் குறைந்த சக்தி போதலாம்; தோலுக்கும் கொழுப்புக்கும் அடியில் இருக்கும் மூட்டுக்கு ஒளி போய்ச்சேர வேறு அளவு வேண்டும். எலிக் காயத்தின் முடிவை மனித முழங்காலுக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் கருவியில் ஹெர்ட்ஸை மாற்றும் வசதி இருப்பது வீண் அலங்காரமில்லை என்பதை நம் ஊர் ஆய்வே காட்டியிருக்கிறது.

அளவு கூடினால் பலனும் கூடும் என்பதும் சரியல்ல. ஒரு வரம்பைத் தாண்டினால் ஒளி திசுவைத் தூண்டுவதற்குப் பதில் அடக்கத் தொடங்கும். ஆகவே மேலே சொன்ன வரம்புகளின் கீழ் எல்லையைப் போலவே மேல் எல்லையையும் மதியுங்கள்.

திரையில் "டென்னிஸ் எல்போ", "ஃப்ரோசன் ஷோல்டர்" என்று படம் போட்ட பட்டன்கள் இருக்கும். அதை அழுத்தினால் எத்தனை ஜூல் போகிறது என்று திரையே சொல்லவேண்டும். நீங்கள் அதை மாற்றவும் முடியவேண்டும். சொல்லாத கருவி, மாற்றவிடாத கருவி இரண்டையும் விட்டுவிடுங்கள், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும்.

பத்து வாட் லேசரும் நம் தோலும்

லேசர்களைப் பாதுகாப்பு வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். அதில் வகுப்பு 3பி என்பது 500 மில்லிவாட் வரை. அதற்கு மேலே வகுப்பு 4. இப்போது தில்லியின் பெரிய கிளினிக்குகள் விளம்பரப்படுத்துவது இந்த வகுப்பு 4 கருவிகளைத்தான்: 10 வாட், 15 வாட், பெரும்பாலும் 980 நானோமீட்டர். இவற்றில் ஒளியோடு சூடும் சேர்ந்து வரும், ஏனென்றால் 980-ஐ ஒட்டிய ஒளியைத் திசுவிலுள்ள நீர் நன்றாக உறிஞ்சுகிறது. ஒரே இடத்தில் நிறுத்தினால் தோல் வேகும். கையை நகர்த்திக்கொண்டே இருக்கவேண்டும். 10 வாட்டில் 5 நிமிடம் கொடுத்தால் 3,000 ஜூல் என்று பெருமையாகச் சொல்வார்கள். அது 200 சதுர சென்டிமீட்டரில் பரவினால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 15 ஜூல்தான். இடுப்பு, தொடை போன்ற பெரிய பரப்புக்கு இந்த வேகம் உதவும். விரல் மூட்டுக்கு உதவாது.

இங்கே நம் தோலின் நிறத்தைப் பேசியாகவேண்டும். மெலனின் ஒளியை உறிஞ்சிச் சூடாக மாற்றும். அலைநீளம் குறையக் குறைய அந்த உறிஞ்சல் கூடும். வெளிர் தோலில் வெதுவெதுப்பாக இருக்கும் அதே அளவு, கறுத்த தோலில் சுடும். நம் நோயாளிகளோ மாநிறத்திலிருந்து நல்ல கறுப்பு வரை. டெமோ காட்டுபவரிடம், தோல் நிறத்துக்கு ஏற்ப அளவைக் குறைக்கும் அமைப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். பிறகு உங்கள் முன்கையிலேயே போட்டுப் பாருங்கள். பச்சை குத்திய இடத்தில் போடவே கூடாது. சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவருக்கு வகுப்பு 4 லேசரைப் பாதத்தில் வைப்பது ஆபத்து. சுடுகிறது என்று அவரால் சொல்ல முடியாது.

முதல் கருவி வாங்குபவருக்கு என் பரிந்துரை வகுப்பு 3பி, 808 அல்லது 810 நானோமீட்டர், 100 முதல் 200 மில்லிவாட், ஒற்றைப் புரோப். புண்களும் வாய்ப்புண்ணும் பார்ப்பவர் 660 நானோமீட்டர் புரோப் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். பல டயோடுகள் கொத்தாக இருக்கும் கிளஸ்டர் புரோபைப் பின்னால் வாங்கலாம், அதே கன்சோலில் பொருத்த முடியும் என்று உறுதி செய்துகொண்டு.

அளந்து பார்த்து வாங்குங்கள்

பிரேசிலிலும் கனடாவிலும் கிளினிக்குகளில் ஓடிக்கொண்டிருந்த லேசர்களை அளந்து பார்த்தபோது, பல கருவிகள் தாங்கள் அறிவித்த சக்தியைவிடக் குறைவாகவே கொடுத்தன. அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியாது. டயோடு பாதி செத்துப்போயிருந்தாலும் பச்சை விளக்கு எரியும், பீப் சத்தமும் வரும். கைபேசியின் கேமராவில் ஊதா நிறமாக ஒரு புள்ளி தெரியும், அதை ஆதாரமாகக் காட்டும் டீலர்கள் உண்டு. ஏதோ ஒளி வருகிறது என்பதற்கு மேல் அந்தப் புள்ளி ஒன்றும் சொல்வதில்லை.

பவர் மீட்டர் வேண்டும். சில கருவிகளில் கன்சோலிலேயே ஒரு சிறு சென்சார் குழி இருக்கும். புரோபை அதில் வைத்தால் மில்லிவாட் தெரியும். இந்த வசதிக்குக் கூடுதல் விலை கேட்டாலும் கொடுக்கலாம். இல்லாவிட்டால், பணம் கட்டும் முன் வெளி மீட்டர் ஒன்றில் அளந்து காட்டச் சொல்லுங்கள். தொடர் ஒளிக்குச் சிலிக்கான் சென்சார் போதும். 904 துடிப்பு லேசருக்குச் சராசரியைக் காட்டும் வெப்ப சென்சார் நல்லது. புரோப் முனையில் சுத்தத்துக்காகப் போடும் பிளாஸ்டிக் உறையோடு ஒருமுறை, உறை இல்லாமல் ஒருமுறை அளக்கவேண்டும். நோயாளிக்குப் போவது உறையைத் தாண்டி வருவதுதான்.

மீட்டருக்கும் சான்றிதழ் இருக்கவேண்டும். அதன் அளவுத்தொடர் தேசிய இயற்பியல் ஆய்வகம் வரை போகிறதா, என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்ற கூடம் கொடுத்ததா என்று பாருங்கள். நாட்டின் அளவுத் தரங்களைக் காக்கும் அந்த ஆய்வகம் தில்லி பூசா அருகே டாக்டர் கே.எஸ்.கிருஷ்ணன் சாலையில் இருக்கிறது. வத்திராயிருப்பில் பிறந்த கிருஷ்ணன்தான் அதன் முதல் இயக்குநர். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அந்தச் சாலைப் பலகையை நிமிர்ந்து பார்க்காமல் என்னால் கடக்க முடிவதில்லை.

காகிதங்கள்

மருத்துவக் கருவி விதிகள் 2017-ன் கீழ் கருவிகள் ஏ, பி, சி, டி என்று பிரிக்கப்பட்டுள்ளன. ஏ வகையில் விலக்கு பெற்ற சிலவற்றைத் தவிர, ஏ, பி வகைகளுக்கு 2022 அக்டோபர் 1 முதலும், சி, டி வகைகளுக்கு 2023 அக்டோபர் 1 முதலும் உரிமம் கட்டாயம். நீங்கள் பார்க்கும் மாடல் எந்த வகை என்பதை மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் பட்டியலில் தேடிப் பாருங்கள். இறக்குமதிக் கருவி என்றால் எம்டி-15 படிவ உரிமத்தின் நகல் கேளுங்கள். உள்நாட்டுத் தயாரிப்பு என்றால் வகையைப் பொறுத்து எம்டி-5 அல்லது எம்டி-9. நகலில் கம்பெனி பெயர் இருந்தால் மட்டும் போதாது, உங்கள் மாடல் எண் இருக்கவேண்டும். விற்பவரிடம் எம்டி-42 பதிவோ மருந்து விற்பனை உரிமமோ இருக்கவேண்டும்.

பெட்டியின் மேல் ஐரோப்பிய சிஇ முத்திரை இருப்பது இந்திய உரிமத்துக்கு மாற்றாகாது. அமெரிக்க எஃப்டிஏவில் "பதிவு" என்பது தயாரிப்பாளரின் பெயர் பட்டியலில் உள்ளது என்பதற்கு மேல் எதையும் சொல்வதில்லை. கருவிக்கு அனுமதி கிடைத்ததா என்பது தனிக் கேள்வி. "வெல்னஸ்" என்று அச்சிட்ட பெல்ட், கைக்கடிகார வடிவ லேசர் போன்றவற்றைக் கிளினிக்கில் நோயாளிக்கு வைத்துக் கட்டணம் வாங்காதீர்கள்.

லேசர் பாதுகாப்புக்கு ஐஇசி 60825-1, மருத்துவ லேசருக்கு ஐஇசி 60601-2-22 ஆகிய தரங்களின் சோதனை அறிக்கையையும் கேளுங்கள். கையால் சரிபார்க்கவேண்டியவை: சாவி போட்டால்தான் கருவி உயிர் பெறவேண்டும், சிவப்பு நிற அவசர நிறுத்தப் பொத்தான் வேண்டும், ஒளி வரும்போது விளக்கோ சத்தமோ வேண்டும், கதவோடு இணைக்கும் இன்டர்லாக் இணைப்பு பின்புறம் இருக்கவேண்டும்.

பாதுகாப்புக் கண்ணாடி எத்தனை தருகிறார்கள் என்று பாருங்கள். உங்களுக்கு ஒன்று, நோயாளிக்கு ஒன்று, கூட வந்த மகளுக்கோ மருமகனுக்கோ ஒன்று என்று மூன்று வேண்டும். கண்ணாடிச் சட்டத்தில் அச்சிட்டிருக்கும் அலைநீள வரம்பில் உங்கள் லேசர் அடங்கவேண்டும். 980-ஐத் தடுக்கும் கண்ணாடி 660-ஐ அப்படியே விட்டுவிடலாம். இரண்டு புரோப் வாங்கினால் இதைத் தனித்தனியாகச் சரிபாருங்கள். நம் கிளினிக்குகள் பிளைவுட் தடுப்பும் திரைச்சீலையுமாகத்தான் இருக்கின்றன. உடல் நிலையைப் பார்க்கச் சுவரில் ஆளுயரக் கண்ணாடி, பக்கத்தில் பளபளக்கும் ஸ்டீல் டிரே. ஒளி பட்டுத் திரும்பும் இந்த இரண்டையும் லேசர் அறையிலிருந்து எடுத்துவிடுங்கள். கண்ணிலும், புற்றுக்கட்டி உள்ள இடத்திலும், கர்ப்பிணியின் வயிற்றிலும் லேசர் போடக்கூடாது. ஒளிக்கூச்சம் தரும் மருந்து சாப்பிடுகிறவரா என்பதையும் முதல் நாளே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

தில்லிக் கோடையும் வாரண்டியும்

மே, ஜூனில் 45 டிகிரியைத் தொடும் ஊர் இது. லேசர் டயோடுக்குச் சூடு ஆகாது. கையேட்டில் இயங்கு வெப்பநிலை எவ்வளவு என்று பார்த்துவிட்டு, ஏசி இல்லாத அறையில் வைக்கலாமா என்று முடிவு செய்யுங்கள். வீட்டுக்குப் போய்ச் சிகிச்சை தருபவர்கள் கருவியைக் கார் டிக்கியில் விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு ஏறிப் போகக்கூடாது. வோல்டேஜ் ஏறி இறங்கும் காலனியில் ஸ்டெபிலைசர் வேண்டும். நவம்பரின் புகையும் தூசியும் புரோப் முனையின் லென்ஸில் படியும்; மென்மையான துணியும் கையேடு சொல்லும் திரவமும் கொண்டு துடைக்கவேண்டும், சேலைத் தலைப்பாலோ டிஷ்யூவாலோ அல்ல.

வாரண்டியில் கன்சோலுக்கு ஒரு காலம், புரோபுக்கு வேறு காலம் போட்டிருப்பார்கள். கன்சோலுக்கு எவ்வளவு நீளமாகக் கொடுத்தாலும் அதில் பெரிய நன்மையில்லை. கீழே விழுவதும், கேபிள் கழுத்தில் அறுந்துபோவதும், டயோடு மங்குவதும் புரோபுக்குத்தான். டயோடின் சக்தி அறிவித்ததில் எத்தனை சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் இலவசமாக மாற்றுவார்கள் என்பதை ஒப்பந்தத்தில் எண்ணாகவே எழுதி வாங்குங்கள். பழுது பார்க்கக் கருவியை வெளியூர் அனுப்பினால் மாற்றுக் கருவி தருவார்களா, எத்தனை நாளில் என்பதும் அதிலேயே வரட்டும்.

பில்லில் மாடல், வரிசை எண், அலைநீளம், சக்தி நான்கும் இருக்கவேண்டும். வணிகத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று டீலர்கள் சொல்வதுண்டு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சுயதொழில் செய்து பிழைக்கவே வாங்கியதென்றால் வாங்கியவரும் நுகர்வோர்தான். தனியாகக் கிளினிக் நடத்தும் பிசியோதெரபிஸ்ட் மாவட்ட ஆணையத்துக்குப் போக இது வழி. நோயாளிக்குத் தீக்காயமோ கண் பாதிப்போ ஏற்பட்டால், கருவிகளின் தீங்குகளைக் கண்காணிக்க 2015-ல் தொடங்கிய மெட்டீரியோவிஜிலன்ஸ் திட்டத்துக்கு எழுதுங்கள். அதை நடத்தும் இந்திய மருந்தியல் ஆணையம் பக்கத்திலேயே காசியாபாத்தில் இருக்கிறது.

கருவி வந்த அன்றே ஒரு நோட்டுப் போடுங்கள். மாதம் ஒருமுறை அளந்த மில்லிவாட் ஒரு பக்கத்தில். நோயாளிவாரியாக அலைநீளம், பாயிண்ட், ஜூல், வலியின் மதிப்பெண் மறு பக்கத்தில். லேசர் சிகிச்சைக்கான உலக சங்கம் சொல்வது தினமும் இரண்டு வாரம், அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று நான்கு வாரம். அந்தக் காலம் முடிந்தும் மதிப்பெண் அசையாத முழங்காலுக்கு லேசரை நிறுத்திவிட்டு, எலும்பு மருத்துவருக்குக் கடிதம் எழுதி அனுப்புங்கள். இப்படி நிறுத்த நேரலாம் என்பதையும், மொத்தச் செலவு எவ்வளவு வரும் என்பதையும் முதல் நாளே, புரோபைக் கையில் எடுக்கும் முன்பே, அவரிடம் சொல்லிவிடுங்கள்.